ரத்த சொந்தத்தில் ஒருவர்

பிப்ரவரி 3

என் ஒட்டடைக்கொம்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மாமா பாதி நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைப்பாய், அப்புறம் எனக்குச் சோறு இறங்காது.

அங்கே ஜெயிலுக்கு வருகிற கடிதத்தை எல்லாம் ஓர் அதிகாரி பிரித்துப் படித்த பிறகுதான் உன் கையில் கொடுப்பார்களாமே? படிக்கிற ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, நான் ஐந்தாவதோடு நின்றவள். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். கண் வலித்தால் என்னைத் திட்டாதீர்கள், எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரைத் திட்டுங்கள். என் தம்பி சாது. நிமிர்ந்து நின்றால் உங்கள் மின்விசிறியில் தலை இடிக்கும், அதைத் தவிர அவனால் யாருக்கும் ஆபத்து இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்பு நாளில் நீதிபதி உன்னைப் பார்த்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். நீ என்ன செய்தாய்? "ஒண்ணும் இல்லைங்க. கதவுப் பூட்டைக் கழட்டிட்டு ஒயரைக் கட்டி லிஃப்டை ஓட விட்டது நான்தான்" என்று மறுபடி ஒப்பித்தாய். அதைத்தான் விசாரணையிலேயே சொல்லிவிட்டாயே, இன்னொரு தடவை யார் கேட்டது? பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டாவது இப்படி மனப்பாடம் செய்திருந்தால் நீ எங்கேயோ போயிருப்பாய். இப்போதும் எங்கேயோதான் போயிருக்கிறாய். உன் மாமா தலையைத் தூக்கவே இல்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பு என்ன பாவம் செய்தது?

இரண்டு வருஷம் என்று காதில் விழுந்ததும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நம் இருமல் வக்கீல்தான் வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார்.

"அழாதீங்கம்மா. மேல்முறையீடு போடறோம். அது முடியற வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு மனு. கூடவே ஜாமீன்."

"நிறுத்தி வைக்கிறதுன்னா?"

"உங்க தம்பி வெளிய வந்துடுவாரு."

"அதை முதல்ல சொல்லக்கூடாதா? நடுவுல எத்தனை இருமல்!"

அவர் சிரித்து, அதற்கும் ஒரு பாட்டம் இருமினார். ஆகவே தைரியமாக இரு. வாக்குக் கொடுத்தாய், காப்பாற்றினாய். நாங்களும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம். வாயை மட்டும் மூடி வைத்துக்கொள். கொசு நுழையாமல் இருக்கும்.

உன் அன்பு அக்கா

----

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைக் கொடுக்கும்போது அந்த அதிகாரி சிரித்தார். "உங்க அக்கா வீட்டுல எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். "இதைவிட அதிகம் சார்" என்றேன். உன்னால் இங்கே எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. சமையல்கட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோயிருந்தது, என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது. எடுத்துப் போட்டேன், ஓடியது. அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்தது.

மற்ற நாளில் தூக்கம் இல்லை அக்கா. நாலாவது மாடியில் பூட்டு இல்லாத கதவைத் திறந்து, லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்துக் காலை வைத்து விழுந்து செத்தாரே அந்தப் பாட்டு டீச்சர், அவருடைய மகன் கோர்ட்டில் என்னைப் பார்த்த பார்வை கண்ணிலேயே நிற்கிறது. அவர் எச்சில் துப்பியிருந்தாலும் துடைத்திருப்பேன். சும்மா பார்த்தார். அவர் பார்க்க வேண்டிய ஆள் நான் இல்லை என்று... சரி, கடிதம் படிக்கிற ஐயா இருக்கிறார். விட்டுவிடுகிறேன்.

பொத்தான்கடையில் என் மேல் கோபமாக இருக்கிறார்களா? கேட்டுச் சொல். கிண்டல் செய்யாமல் சொல்.

மாமாவை மருந்தை விடாமல் சாப்பிடச் சொல். எப்போது வெளியே வருவேன்?

தம்பி

----

மார்ச் 2

என் ஒட்டடைக்கொம்புக்கு,

கிடைத்துவிட்டது! தண்டனையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இந்தக் கடிதம் முந்துமோ நீ முந்துவாயோ தெரியாது, இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

அரசாங்க வக்கீல் எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார் பார், நீ கேட்டிருந்தால் உன்னையே உனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். அஜாக்கிரதையாம், கல்நெஞ்சாம், வெளியே விட்டால் ஓடிவிடுவாயாம். நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. நம் வக்கீல் எழுந்து, "ரெண்டு வருஷம்தான் தண்டனை. மேல்முறையீடு விசாரணைக்கு வரவே அவ்வளவு நாள் ஆகிடும். முழுசா உள்ள இருந்துட்டு அப்புறம் ஜெயிச்சா என்ன பிரயோஜனம்?" என்றார். அந்தப் பேச்சில் மட்டும் அவருக்கு இருமலே வரவில்லை.

நீதிபதி இரண்டு ஜாமீன் கேட்டார். அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டுமாம். வயிற்றில் பிள்ளையோடு மாமியார் வீட்டில் இருக்கிற என் மகளை விட்டால், உனக்கு ரத்த சொந்தம் என்று உலகத்தில் இருக்கிறது நான் ஒருத்திதானே? எனக்கு ஒரே பெருமை. புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா கேட்டார்:

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த பாவம் சார்."

"அக்காவா தங்கச்சியா?"

"தங்கச்சின்னு எழுதுங்களேன், உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

இன்னொரு ஜாமீன் யார் தெரியுமா? நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பொத்தான்கடைக்காரியேதான். நான் கூப்பிடவில்லை. காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "கடையை யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன். "பூட்டிட்டு வந்தேன் அக்கா" என்றாள். தையல்காரர்கள் எல்லாம் அன்றைக்குப் பொத்தான் இல்லாமல் திறந்த சட்டையோடு அலைந்திருப்பார்கள். கோபமாக இருக்கிறாளா என்று கேட்டாயே, இதுதான் பதில். கிண்டல் செய்யாமல் சொல்லிவிட்டேன், நாக்கு அரிக்கிறது.

நிபந்தனையும் உண்டு. மேல்முறையீடு முடிகிற வரைக்கும், கோர்ட்டு கூப்பிடுகிற நாள் தவிர, நீ இந்த ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. வக்கீல் ஏற்பாடு செய்த அந்த ஊரில் தங்கி, திங்கள்தோறும் அங்கே போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். இனிமேலும் கடிதம்தான். போனில் எதையும் பேசித் தொலையாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

தெருவில் எல்லோரிடமும் தண்டனை நின்றுபோச்சு என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

உன் அன்பு அக்கா, இனிமேல் உன் ஜாமீன்தாரும்கூட (மரியாதையாகப் பேசு)

----

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இது மெத்தைக் கடைக்கு மேலே ஓர் அறை. பஞ்சு அடிக்கிற சத்தமும் தூசியும் ஓயவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டால் காலையில் எழுந்து பூனை படுத்திருக்கிறது என்று பயப்படுகிறேன். பக்கத்தில் மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் வேலை கிடைத்தது. முதலாளிக்கு என் வழக்கு தெரியும். "இங்க லிஃப்ட் இல்லப்பா, பயப்படாத" என்றார். நல்லவர்தான், பேசத் தெரியாது.

இங்கே யாரும் பிரித்துப் படிப்பதில்லை, அதனால் மனசில் உள்ளதை எழுதுகிறேன். தண்டனை நின்றுபோச்சு என்று தெருவில் சொன்னதாக எழுதியிருந்தாய். அது தப்பு அக்கா. நின்றுபோகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் பழுதுபார்க்க லிஃப்டை நிறுத்தி வைப்பதில்லையா, மேலே சுவிட்சைப் போட்டால் மறுபடி ஓடும். அதுமாதிரிதான் இது. மேல்முறையீட்டில் தோற்றால் நான் போய் மிச்ச நாளையும் இருந்தாக வேண்டும். வெளியே இருக்கிற நாள் எதுவும் கணக்கில் வராது.

மாமா எப்போது வக்கீலிடம் பேசப் போகிறார்? கைது பண்ண வந்த அன்று உன் சமையலறையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நீயும் கேட்டாய். "இப்போதைக்கு நீ ஏத்துக்கோ. என் இதயம் ஜெயிலைத் தாங்காது. உடம்பைச் சரிபண்ணிக்கிட்டு மேல் கோர்ட்டுல நானே உண்மையைச் சொல்லிடறேன்" என்றார். அந்தப் பூட்டைக் கழற்றியது மாமா. புதுப் பூட்டு வாங்க என்னைக் கடைக்கு அனுப்பியது மாமா. "நான் வர்ற வரைக்கும் ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பூட்டு இல்லாமல் ஓடாத லிஃப்டை, குடியிருக்கிறவர்கள் சத்தம் போட்டார்கள் என்று பூட்டு இருந்த இடத்தில் ஒயரைக் கட்டி ஓடவிட்டவர் அவர். சாப்பாட்டுக் கூடையோடு வந்து அதைப் பார்த்தவள் நீ. நான் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது.

அவரைக் குறை சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

பொத்தான்கடையிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். என் சட்டைகளுக்கு எல்லாம் பொத்தான் தைத்துவிட்டுப் போனாள்.

தம்பி

----

மே 14

என் பஞ்சுமூட்டைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். இங்கே ஒரே வேலை. தண்ணீர்க் குழாய் உடைந்து சமையலறை முழுக்க வெள்ளம், ஒரு நாள் முழுவதும் முட்டியளவு புடவையைத் தூக்கிக்கொண்டு அன்னநடை நடந்தேன். எதிர்வீட்டுத் தாத்தா பல்செட் கழன்று விழும் அளவுக்குச் சிரித்தார். என் மகளுக்கு எட்டாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவளுடைய மாமியார் இப்போது என்னை "சம்பந்தி" என்று கூப்பிடும்போது நடுவில் ஒரு மரியாதை கேட்கிறது. அதற்குக் காரணம் உன் மாமாதான்.

மாமா போன மாதக் கடைசியில் போய்விட்டார். காலையில் டீயைக் கையில் கொடுத்தேன், "சக்கரை பத்தலை" என்றார், சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. கடைசி வார்த்தையும் குறைதான்.

உனக்குச் சொல்லவில்லை என்று கோபப்படாதே. சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாய். ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறது, நான் சட்டத்தை மதிக்கிறவள். தவிர, நீ வந்து நின்றால் வந்தவர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பார்களா, உன் முகத்தைப் பார்ப்பார்களா? அன்றைக்காவது அவரை எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எவ்வளவு கூட்டம் தெரியுமா! அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். "மச்சான் பண்ணின தப்புக்கு இந்த மனுஷன் எத்தனை வீடு ஏறி மன்னிப்புக் கேட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். லிஃப்டுக்குள் கண்ணாடிக்கு மேலே அவருடைய படத்தை ஒட்டியிருக்கிறார்கள். பராமரிப்பு வேலையையும் என் கையிலேயே விட்டுவிட்டார்கள், இரண்டு ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத என்னை "மெக்கானிக் அம்மா" என்று கூப்பிடுகிறார்கள்!

பாட்டு டீச்சருடைய மகன்கூட வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா" என்றார். "நல்லா இருங்க தம்பி" என்றேன்.

அழாதே. அழுதால் உனக்கு மூக்கு இன்னும் நீளமாகிவிடும்.

உன் அக்கா

----

ஜூன் 1

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நடுவில் ஒருமுறை மடித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டு வந்து மிச்சத்தைப் படித்தேன். தண்ணீர்க் குழாய்க்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பிறகு மாமா. எனக்கு எழுதும்போது அவருக்கு அந்த இடம்தான் கிடைத்ததா?

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர். முதல் தடவை லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்கும்போது என் இடுப்புக் கயிற்றை அவர்தான் பிடித்திருந்தார். எத்தனை தடவை கேட்டாலும் அவருக்காக அந்தப் பழியை ஏற்றிருப்பேன், அது உனக்கும் தெரியும். ஆனால் இப்போது அவருக்கு ஜெயில் இல்லை. யாரும் அவரை எதுவும் செய்ய முடியாது. எனக்குத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே நம்பிவிடவில்லை. "நீங்களே ரெண்டு தடவை ஒத்துக்கிட்டீங்க. இப்போ செத்துப்போனவர் மேல பழியைப் போடறீங்கன்னுதான் நீதிபதி நினைப்பாரு. பார்த்த சாட்சி ஒருத்தர் வந்து சொன்னா, புதுச் சாட்சியம் எடுக்கச் சொல்லி மனு போடலாம்" என்றார். பார்த்த சாட்சி நீதான். அந்தப் பூட்டுக் கடைக்காரரையும் ஆள் விட்டுத் தேடினேன், அவர் கடையை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டாராம்.

நினைத்ததைவிடச் சீக்கிரமாக, அடுத்த மாதமே மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. ஒரே ஒரு நாள் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல் அக்கா. அழகாகப் பேச வேண்டாம், குமாஸ்தாவைச் சிரிக்க வைக்க வேண்டாம். "என் வீட்டுக்காரர் ஒயரைக் கட்டினதை நான் பார்த்தேன்" என்று ஒரு வரி போதும்.

தம்பி

----

ஜூன் 12

என் தம்பி வக்கீல் சாருக்கு,

பெண் வக்கீலா? பார்க்க எப்படி இருப்பாள்? பொத்தான்கடைக்காரிக்குத் தெரியுமா?

நீ கேட்டதை இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு யோசிக்க அவ்வளவு நேரம் தேவைப்படாது என்று உனக்குத் தெரியும், அதனால் இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சொல்லமாட்டேன்டா.

கோபப்படாமல் கேள். உனக்கு இரண்டு வருஷம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதற்கும் குறைவு. இருப்பாய், சாப்பிடுவாய், மோட்டாரில் செத்த பல்லியை எடுப்பாய், வெளியே வந்துவிடுவாய். வந்ததும் மீசையை மழித்துக்கொண்டு வேறு ஊரில் கடை போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் உன் மாமா வர முடியுமா? அவர் பேரில் ஒரு கறை விழுந்தால் அவரால் எழுந்து வந்து துடைத்துக்கொள்ள முடியுமா? லிஃப்டிலிருந்து அந்தப் படத்தைக் கிழிப்பார்கள். அவர் வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்டது பொய் என்பார்கள். டீச்சர் மகன் என் கையைப் பிடித்த கையைக் கழுவிக்கொள்வார். பிறக்கப்போகிற குழந்தைக்கு, "உங்க தாத்தா ஒரு ஆளைக் கொன்னுட்டு மச்சானை உள்ள அனுப்பினாரு" என்று சம்பந்தியம்மா கதை சொல்லித் தூங்கவைப்பாள். இப்போது சொல்ல அவளுக்கு உன் கதை இருக்கிறது, அதுவே போதும். மாமன் கெட்டவனாக இருந்தால் ஒரு குடும்பம் தாங்கும். தாத்தா கெட்டவராக இருந்தால் தாங்காது.

"பாத்தியா, கட்டினதையே கட்டிக்கிட்டு அழறா" என்று சிரிக்கிறாயா? சிரி. முப்பது வருஷம் அந்த மனிதருக்கு நான் சோறு போட்டேன். ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. செத்த பிறகுதான் ஊரே சொல்கிறது, எப்பேர்ப்பட்டவரின் மனைவி நீ என்று. அதையும் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறாயே.

நேற்றுக் கடைத்தெருவில் இருமல் வக்கீலைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டேன்.

"ஏன் சார், ஜாமீன் போட்ட கையெழுத்தை அழிக்க முடியுமா?"

"அழிக்க முடியாதும்மா. ஆனா ஜாமீன்தார் எப்ப வேணும்னாலும் போயி 'என்னை விட்டுருங்க'ன்னு மனு கொடுக்கலாம்."

"கொடுத்தா?"

"ஆளைப் பிடிச்சுட்டு வரச் சொல்லுவாங்க. வேற ஜாமீன் கொடுக்கலைன்னா மறுபடி உள்ளதான்."

சும்மாதான் கேட்டேன். பொது அறிவுக்கு. ஐந்தாவதோடு நின்றவளுக்கு எல்லாமே புதுப் பாடம்தானே.

உன் அக்கா

----

ஜூன் 20

அக்கா,

விளையாடாதே. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதே.

பெண் வக்கீல் மனுவை எழுதிவிட்டார். விசாரணை அன்று நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லப் போகிறேன். நம்பினால் நம்பட்டும். அந்த மகன் உட்கார்ந்திருப்பார், அவர் காதிலாவது ஒருமுறை விழட்டும். தன் அம்மா எப்படிச் செத்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? மாமாவுக்காக என்னால் பொய் சொல்ல முடிந்தது, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

நீ சாட்சி சொல்ல வேண்டாம். அதை விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். விசாரணை முடிகிறவரை ஜாமீனிலிருந்து கையை எடுக்காதே. வெளியே இருந்தால்தான் அந்தப் பூட்டுக் கடைக்காரரை நான் தேட முடியும். எந்த ஊரில் இருக்கிறார் என்று இப்போதுதான் துப்புக் கிடைத்திருக்கிறது. இன்னும் சில வாரம்தான். அதற்குப் பிறகு நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம், நானும் உன் வாசலுக்கு வரமாட்டேன்.

பொத்தான்கடையிலிருந்து அவள் உன்னை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கமாட்டாள். அவளிடம் கொஞ்சம் அன்பாகப் பேசு. என் அம்மா இடத்தில் இருந்தவள் நீ. உன்னிடம் கெஞ்ச எனக்கு வெட்கம் இல்லை. கெஞ்சுகிறேன்.

தம்பி

----

ஜூன் 29

என் ஒட்டடைக்கொம்புக்கு,

நல்ல செய்தி முதலில். உன் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை. உன்னை மாதிரி நீளக் கால். உன்னை மாதிரிதான் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

உன் பொத்தான்கடைக்காரி வந்தாள். அன்பாகப் பேசு என்று நீ எழுதியிருந்ததால் டீ போட்டுக் கொடுத்தேன், நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அக்கா, நீங்க நேர்ல பாத்தீங்களாமே. யாரு ஒயரைக் கட்டினதுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"பாத்தேன்மா. இவன்தான் கட்டினான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி டீ வீண். என்னை நம்பினாளா உன்னை நம்புகிறாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவள் முகம் எப்போதும் பூட்டின கடை மாதிரிதான் இருக்கிறது. எழுந்து போய்விட்டாள், தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் ஆச்சரியம், தம்பி. அதைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் குழறவே இல்லை. விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டால் அங்கேயும் அதையேதான் சொல்வேன். பூட்டுக் கடைக்காரர் வந்தால் நீ பூட்டு வாங்கினாய் என்றுதானே சொல்வார்? வாங்கப் போவதற்கு முன்னால் கட்டிவிட்டுப் போனாய் என்று நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போனேன். அதே குமாஸ்தா, என்னை ஞாபகம் வைத்திருந்தார்.

"ஏம்மா, கூடப் பிறந்த தம்பிக்குப் போட்ட ஜாமீனையா எடுக்கறீங்க? காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"வயசாயிடுச்சு, இவனைப் பாத்துக்க முடியலைன்னு எழுதுங்க."

"உங்களுக்கு என்ன வயசு?"

"பாத்தா என்ன தோணுது?"

"நாப்பது இருக்கும்."

நல்ல மனிதர். அதற்காகவே கையெழுத்தை அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

வேறு ஆள் கொடுத்தால் உன்னை விட்டுவிடுவார்களாம். ஆனால் உத்தரவை எடுத்துப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணுமே, இவருக்கு வேற யாரு இருக்காங்க?" என்று. யாரும் இல்லை சார் என்றேன். பிள்ளை பெற்ற என் மகளை அவள் மாமியார் கோர்ட்டுப் படி ஏற விடமாட்டாள். பொத்தான் மாதிரி அட்டையில் தைத்து விற்கிற சரக்கா அது, ஒன்று அறுந்தால் இன்னொன்று வாங்கித் தைக்க? அந்த நிபந்தனையை மாற்றச் சொல்லி உன் பெண் வக்கீல் மனு போடலாமாம். போடட்டும். அதற்கும் விசாரணை, தேதி, ஒத்திவைப்பு எல்லாம் உண்டு. அதற்குள் விசாரணை நாள் வந்துவிடும். உன்னை ஜெயிலிலிருந்து கூட்டிக்கொண்டு வருவார்கள், நீ எழுந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொல். போலீஸ்காரருக்கு நடுவே நிற்கிறவன் செத்தவரைக் குற்றம் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

என்னை ராட்சசி என்று நினைக்காதே. நினைத்தாலும் பரவாயில்லை, சாப்பிடாமல் இருக்காதே. நீ உள்ளே இருந்தால் எனக்குத் தம்பி. மாதம் ஒருமுறை வருவேன், சிரிக்க வைப்பேன், உனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு வருவேன். வெளியே வந்து வாயைத் திறந்தால் நீ யாரோ, நான் யாரோ. எனக்குத் தம்பி வேண்டும்டா.

இந்தக் கடிதம் வருகிற அன்றே அவர்களும் வரலாம். முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பு. அறைச் சாவியை மெத்தைக் கடையில் கொடு. ஸ்டேஷன்காரர்களிடம் முறைக்காதே, உன் உயரத்துக்கு நீ சும்மா பார்த்தாலே முறைக்கிற மாதிரி இருக்கும், கொஞ்சம் குனிந்தே நில்.

ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன், அடுத்த குளிருக்கு ஆகும். அளவுக்கு உன் மாமாவின் சட்டையை வைத்துக்கொண்டேன், கை குட்டையாகத்தான் இருக்கும், இழுத்துவிட்டுக்கொள். மெத்தைக் கடை முகவரிக்கு அனுப்பினால் வாங்க நீ இருக்கமாட்டாய். அதனால் நேராக அங்கேயே அனுப்பிவிட்டேன். நீ போய்ச் சேர்வதற்குள் வந்திருக்கும்.

உன் அன்பு அக்கா